சூப்பரின்டெண்ட் வீட்டு வாசல்வரை

ஹேவன் கிரீக், மிச்சிகன்
பிப்ரவரி, சனிக்கிழமை மதியம்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஐலா அக்காவுக்கு,

தம்பி நார்மன் எழுதுவது. இங்கே நானும் டெனிஸும் பிள்ளைகள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். உன் முழங்கால் வலியும் ராய் அத்தானின் கோல்ஃப் ஆட்டமும் அரிசோனா வெயிலில் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். நலம் என்று எழுதாமல் உயிரோடு என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறிவிடாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ தொலைபேசியில் பேசினால் மூன்று அறை தள்ளி இருப்பவர்களுக்கும் கேட்கும். அந்த மூன்றாவது அறையில்தான் டெனிஸ் படித்துக்கொண்டிருக்கிறாள். அதனால் வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். படித்து முடித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. அத்தானிடம் காட்டாதே, அவர் நல்லவர்தான், ஆனால் வாயில் எதுவும் தங்காது.

டெனிஸின் தேர்வு விஷயம் உனக்குத் தெரியும். முப்பத்தொன்பது வயதில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று வருடம் நர்ஸ் படிப்புப் படித்தாள். இனி உரிமத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. இந்த மாத முடிவுக்குள் தேறிவிட்டால் நம் ஊர் மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவில் அவளுக்கு வேலை தயார். தேறாவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். தேர்வு மார்க்கெட் என்று பெயர் கொண்ட அந்த நகரத்தில், நூறு மைல் தூரம். வியாழக்கிழமை காலை பத்து மணி. இவ்வளவுதான் விஷயம். இதற்குள் ஒரு பள்ளிக்கூடம் எப்படி வந்து புகுந்தது என்று நீ கேட்பாய். சொல்கிறேன், எனக்கே அது சொல்லச் சொல்லத்தான் புரிகிறது.

புயல் வந்தால் நான் வீட்டில் இருக்க முடியாது. கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவன் பனி நாளில் விடுப்பு கேட்டால் அதைவிடச் சிரிப்பு வேறில்லை. ஆகவே பிள்ளைகளைப் பள்ளிக்கூடம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தை மூடினால் குழந்தைக் காப்பகமும் மூடிவிடும், அது அவர்கள் சட்டம். எதிர்வீட்டு டார்லீன் நான்காம் எண் பஸ் ஓட்டுகிறாள். பள்ளி உண்டென்றால் விடியற்காலையிலேயே நம் பிள்ளைகளைத் தன்னோடு பஸ் நிலையத்துக்கு அழைத்துப்போய்விடுவாள், தங்கமான மனசு. பள்ளி இல்லாத நாளில் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு, "நார்மன், லீவுன்னா எனக்கும் லீவு. வருஷம் பூரா அறுபது பிள்ளைங்க கத்தறத முதுகுல வாங்கறேன். அன்னிக்கு ஒரு பிள்ளை மூஞ்சியிலயும் முழிக்கமாட்டேன், உம் பிள்ளை தேவதையா இருந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டெனிஸின் அம்மா இடுப்பு அறுவைசிகிச்சை முடிந்து படுத்திருக்கிறாள். நீ இருப்பதோ பாலைவனத்தில்.

இதற்கு மேல் புதிதாக வந்த பள்ளி சூப்பரின்டெண்ட். பெயர் கென்ட் டைக்ஹவுஸ். பாலத்துக்குத் தெற்கே, பனி அதிகம் விழாத பக்கத்திலிருந்து வந்தவர். நம் பள்ளிகள் நான்கையும் திறப்பதா மூடுவதா என்று விடியற்காலை ஐந்தேகாலுக்குள் அந்த ஒரு மனிதர் சொல்ல வேண்டும். நவம்பரில் நாலங்குலப் பனிக்கு மூடிவிட்டார் அக்கா. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் அடித்தது, பிள்ளைகள் சைக்கிள் விட்டார்கள். பெட்ரோல் பங்க் காபி மேசையில் ஒரு வாரம் இதே பேச்சு. "நாலங்குலமா? எங்க வீட்ல அத தூசின்னு சொல்லித் தொடைப்போம்" என்று ஒருவர், "மழை வந்தா குடை விடுமுறை விடுவாரா?" என்று இன்னொருவர். மனிதர் பாவம், அவமானப்பட்டு அடுத்த முறை பதினோரு அங்குலத்துக்குத் திறந்தார். அன்றைக்கு அதே மேசையில் அதே ஆட்கள், "குழந்தைங்க உயிர் இவனுக்கு விளையாட்டா போச்சு" என்றார்கள். மூன்றாவது முறை யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார். எல்லாரும் பகைத்துக்கொண்டது அன்றைக்குத்தான். இப்படியே ஐந்து நாள் மூடியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் டெனிஸ் பாடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். ஒருநாள் நம் கால்வின் அவளுடைய இதய வரைபடப் புத்தகத்தில் எல்லாக் கோட்டுக்கும் பச்சை வண்ணம் தீட்டி, மலை என்று எழுதி வைத்திருந்தான். ஆறு வயது, திட்டவும் முடியவில்லை.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். வானிலைக்காரன் பதினாலு அங்குலம் என்றான், ஏரிக் காற்று சேர்ந்தால் கூடவும் ஆகலாம் என்றான். எனக்குப் பள்ளியை மூடிவிடுவாரே என்ற கவலை. பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். பள்ளிக்கு லீவு வர என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தார்கள். பைஜாமாவை உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள், தலையணைக்கு அடியில் ஸ்பூன் வைத்தார்கள், கழிப்பறையில் ஐஸ் கட்டிகளைப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். நாமும் சின்ன வயதில் செய்ததுதான், நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் நான் அன்று செய்ததைக் கேள். பிள்ளைகள் தூங்கியதும் ஸ்பூன்களைத் திருடினேன். கால்வினின் பைஜாமாவை நேராகத் திருப்பப் பார்த்தேன், அவன் விழித்துக்கொண்டு "அம்மா, அப்பா என்னமோ பண்றாரு" என்று அலறினான். கடைசியில், ஐஸ் கட்டிகள் போன வழியே ஒரு கெட்டில் வெந்நீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது டெனிஸ் வந்து கதவருகில் நின்றாள். நாற்பத்தாறு வயது ஆள், கையில் கெட்டில். "நார்மன், உனக்கு என்ன ஆச்சு?" என்றாள். "குழாய் உறைஞ்சிடாம இருக்க" என்றேன். அவளும் நம்பினாள், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டு படிக்கப் போய்விட்டாள். அந்தப் புத்தகத்தின் மேல் தலை கவிழ்ந்து அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

டைக்ஹவுஸ் பனி நாட்களில் விடியற்காலை நாலேகாலுக்குத் தன் சின்னச் சிவப்புக் காரில் கிளம்பி, சாலை எப்படி இருக்கிறதென்று தானே ஓட்டிப் பார்ப்பார். எப்போதும் ஒரே வழிதான். அவர் வீட்டிலிருந்து ஏரிச் சாலை, டாமரக் மேடு, லூதரன் தேவாலயம், பஸ் நிலையம், அப்படியே திரும்பி வீடு. மொத்தம் ஒன்பது மைல். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். என் வேலை ஒழுங்கோ வேறு. முதலில் பெருஞ்சாலை, அப்புறம் பள்ளிப் பேருந்துச் சாலைகள் வரிசைப்படி, எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் சூப்பரின்டெண்ட் குடியிருக்கும் ஏரியோர முட்டுச்சந்து. வியாழக்கிழமை நான் பெருஞ்சாலையை ஒழுங்காகத் தள்ளி முடித்தேன். அடுத்து நேராக அந்த ஒன்பது மைலுக்குப் போனேன். ஒருமுறை தள்ளி, திரும்பி வந்து இன்னொருமுறை தள்ளி, மணலும் தூவி, முட்டுச்சந்தில் அவர் வீட்டு வாசல்வரை கல்யாண வீட்டுக்கு வழி போட்ட மாதிரி போட்டு வைத்தேன். இருபது வருட சர்வீஸில் அவ்வளவு அழகாக எந்தச் சாலையையும் நான் தள்ளியதில்லை. பள்ளி பஸ் போகும் ஹாட்டலா சாலை, குவாரிச் சாலை இரண்டிலும் பனி முழங்காலுக்கு மேல் கிடந்தது. திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பெட்ரோல் பங்கில் காபி வாங்கும்போது அவரே வந்துவிட்டார். தொப்பியில் பனி, கண்ணில் தூக்கமில்லை.

"நார்மன், ரோடு எப்படி?"

"நீங்கதான் ஓட்டிப் பாத்தீங்களே சார்."

"பாத்தேன். அருமையா இருக்கு. மத்த ரோடும் இப்படித்தானா?"

அக்கா, அந்த இடத்தில் நான் காபியைக் குடித்தேன். வாயில் காபி இருந்தால் பேச முடியாதல்லவா. தலையை மட்டும் ஒரு மாதிரி ஆட்டினேன். அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவர் நீண்ட மூச்சு விட்டு, "நல்லவேளை, உங்கிட்ட கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்தேகாலுக்குப் பள்ளிகள் வழக்கம்போல் நடக்கும் என்று எல்லார் தொலைபேசிக்கும் செய்தி வந்தது. பிள்ளைகள் அழுதார்களாம். டெனிஸ் அவர்களை டார்லீனிடம் விட்டுவிட்டு ஐந்தே முக்காலுக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது எனக்கு ஒரு முத்தத்தைச் செய்தியாக அனுப்பியிருந்தாள். நான் வண்டியில் தனியாக உட்கார்ந்து பாட்டுப் பாடினேன்.

ஏழு இருபதுக்கு வானொலிக் கருவியில் குரல் வந்தது. நான்காம் எண் பஸ் ஹாட்டலா சாலையில் பள்ளத்தில் இறங்கிவிட்டது, உள்ளே பதினோரு பிள்ளைகள் என்றது. அதில் இரண்டு என்னுடையவை. குவாரிச் சாலை முனையிலிருந்து அங்கே போக எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் நான் கடவுளிடம் என்னென்ன தருவதாக ஒப்புக்கொண்டேன் என்று எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும், எனக்கு இன்னும் வரவில்லை. போய்ப் பார்த்தால் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தலையணையில் தலை வைத்த மாதிரி பனி மேட்டில் சாய்ந்திருந்தது. உள்ளே பாட்டுச் சத்தம். டார்லீன் தன் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த நான்கு பேஸ்டிகளையும் பிய்த்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்திருந்தாள், பிள்ளைகள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வாயில் அடைத்துக்கொண்டு பாடினார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கால்வின் வாயில் மட்டும் ரத்தம். ஓடிப்போய் அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். "பல்லு விழுந்துருச்சுப்பா! பேஸ்டியோட முழுங்கிட்டேன்!" என்று அவன் குதித்தான். இரண்டு வாரமாக ஆடிக்கொண்டிருந்த பல்தான். நான் அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். பல்லுக்குப் போய் இவ்வளவு அழுகிறாரே என்று பிள்ளைகள் பார்த்தார்கள்.

டார்லீன் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னய்யா, இருபது வருஷமா ஆறு மணிக்கெல்லாம் தள்ளிடற ரோடு. இன்னிக்கு என்ன, வேண்டுதலா?" என்றாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒன்பது வயது பைப்பர், நம் மூத்தவள், பஸ் படியில் நின்று சாலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பா, ஏரி ரோடெல்லாம் சுத்தமா இருந்துச்சு. அங்க யாருமே பஸ் ஏறறதில்லையே?" என்றாள். இவள் உன்னைப் போலவே அக்கா, கேட்கக்கூடாததைத்தான் முதலில் கேட்பாள்.

இதையெல்லாம் எதற்காகச் செய்தேனோ அதையும் கேள். டெனிஸ் நாலு மணி நேரம் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். தேர்வு மையத்தின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பனியின் காரணமாக இன்று மூடப்பட்டுள்ளது. தேர்வு செவ்வாய்க்கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளது. மறுபடி நூறு மைல் திரும்பி ஓட்டி வந்து சமையலறையில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்றாள். பஸ் விஷயம் அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. "எம் பிள்ளைங்கள பள்ளத்துல தள்ளினானே அந்த ஆளு, அவனுக்குக் கண்ணு இருக்கா, புத்தி இருக்கா? இந்தப் பனியில எந்த மடையன் பள்ளிக்கூடம் தொறப்பான்? நீ சொல்லு நார்மன்!" "மடையன்தான்" என்றேன். யாரை என்று சொல்லவில்லை.

இப்போது ஊரே டைக்ஹவுஸுக்கு எதிராகக் கிளம்பிவிட்டது. திங்கட்கிழமை மாலை பள்ளி வாரியக் கூட்டம். அவரை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும் என்று முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் பெற்றோராகப் பேசப்போவது டெனிஸ். தேர்வுக்குப் படிக்க வேண்டியவள் இரண்டு பக்கம் பேச்சு எழுதி வைத்திருக்கிறாள், எனக்கே வாசித்துக் காட்டினாள். அதில் ஓரிடத்தில், "என் கணவர் போன்றவர்கள் உயிரைப் பணயம் வைத்துச் சாலையைத் திறக்கிறார்கள்" என்று வருகிறது. அந்த இடத்தில் நான் எழுந்து போய் விறகு உடைத்தேன். நமக்கு இரண்டு மாதத்துக்கான விறகு ஏற்கனவே உடைத்தாயிற்று.

நன்றாக யோசித்து முடிவு செய்துவிட்டேன். சொல்லப்போவதில்லை. சொன்னால் என் வேலை போகும், டெனிஸின் மனசு கெடும், செவ்வாய்க்கிழமைத் தேர்வு பாழாகும். டைக்ஹவுஸ் எப்படியும் தெற்கே திரும்பிப் போனால் சந்தோஷமாகத்தான் இருப்பார், அங்கே நாலங்குலம் என்றால் மதிப்பு உண்டு. சாகும்வரை இது உனக்கும் எனக்கும் நடுவில் மட்டும். எனக்கு நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். செவ்வாய்க்கிழமைக்கு மறுபடி பத்தங்குலம் என்கிறான் வானிலைக்காரன். மறுபடி பள்ளியை மூடினால் டெனிஸ் போக முடியாது, இந்த மாதத்தில் அதற்குப் பிறகு தேர்வு நாள் கிடையாது. நீ திங்கட்கிழமைக்குள் விமானம் ஏறி வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள். முழங்காலுக்கு இங்கே சூடான சானா நீராவிக் குளியல் இருக்கிறது. வராமல் இருந்துவிடாதே அக்கா, உன்னைத்தான் மலைபோல நம்பியிருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகள் அத்தைக்கு முத்தம் தருகிறார்கள். ஆண்டவர் உங்கள் இருவரையும் வெயிலிலேயே வைத்திருக்கட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
நார்மன் அஹோலா

பின்குறிப்பு: இன்று செவ்வாய்க்கிழமை மாலை. சனிக்கிழமை எழுதும் கடிதம் உனக்கு வியாழக்கிழமைக்கு முன் கிடைக்காது என்பது நேற்று தபால்தலை ஒட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அதனால் அனுப்பவில்லை. நீ வர வேண்டாம். மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே.

நேற்றுக் கூட்டத்தில் டெனிஸ் பேசி முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். டைக்ஹவுஸ் தலையைக் குனிந்து ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, 'பனி தள்ளுபவன் சரியென்றான்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். கடைசிவரை சொல்லவில்லை அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கெட்டிலில் வெந்நீர் ஊற்றியதுவரை. டைக்ஹவுஸ் எழுந்தார். "எனக்கு அப்பவே தெரியும் நார்மன். எங்க முட்டுச்சந்த மத்தியானத்துக்கு முன்னால ஒருநாளும் யாரும் தள்ளினதில்ல. வாசல் வரைக்கும் மணல் பாத்ததுமே, யாருக்கோ இன்னிக்குப் பள்ளிக்கூடம் வேணும்னு புரிஞ்சுபோச்சு. எனக்கும் வேணும்தான். போன லீவுல என் ரெண்டு பொண்ணும் அவங்கம்மாவோட ஆபீஸ் வீடியோ மீட்டிங்குல வந்து ஆடிட்டாங்க. இன்னொரு தடவைன்னா எம் பொண்டாட்டிக்கு வேலை போயிடும். நான் குவாரி ரோட்டையும் போய்ப் பாத்திருக்கணும். பாக்கல" என்றார். யார் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் கூட்டம் காபி குடிக்கக் கலைந்தது. எங்கள் இருவருக்கும் எழுத்தில் எச்சரிக்கை. வேலை இருக்கிறது.

டெனிஸ் வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை. வந்தபிறகும் பேசவில்லை. "பைப்பர், உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு அடுப்பு மேல இருக்கு" என்றாள், நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இன்று விடியற்காலை நாலேகாலுக்கு, பெருஞ்சாலையைத் தள்ளிவிட்டு பிளாஸ்க் நிரப்ப வீட்டுக்கு வந்திருந்தேன், டைக்ஹவுஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். "சொல்லு நார்மன். இனிமே உன்னத்தான் முதல்ல கேப்பேன். ஒருதரம் மாட்டினவன் மறுதரம் பொய் சொல்லமாட்டான்." டெனிஸ் கோட்டு போட்டுக்கொண்டு, கார் சாவியோடு எனக்கு எதிரில் நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே, ஹாட்டலா ரோட்டுல ஒண்ணும் தெரியல சார், மூடுங்க என்றேன். பிறகு அவர், "சரி, மூடியாச்சு. மூடினப்புறம் எனக்கென்ன வேலை? உம் பிள்ளைங்கள இங்க கொண்டாந்து விடு. என் ரெண்டோட சேத்து நாலையும் நானே பாத்துக்கறேன். டெனிஸ கிளம்பச் சொல்லு" என்றார்.

தேர்வு முடிந்து இப்போதுதான் அவள் பைப்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினாள். எண்பத்தைந்தாம் கேள்வியோடு கணினி தானாக நின்றுவிட்டதாம். அப்படி நின்றால் ஒன்று ரொம்ப நன்றாக எழுதியிருக்க வேண்டும், அல்லது ரொம்ப மோசமாக. எதென்று தெரிய இரண்டு நாள் ஆகும். நான் மறுபடி விறகு உடைக்கப் போகிறேன்.

காலையில் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பிள்ளைகளை டைக்ஹவுஸ் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புவதற்குள் பெருஞ்சாலையில் மறுபடி பனி சேர்ந்திருந்தது. அதுதான் என் முதல் வேலை, இந்தமுறை யாரும் குற்றம் சொல்ல முடியாது. கவுண்டி எல்லைவரை இருபத்திரண்டு மைல் நான் முன்னால் தள்ளிக்கொண்டே போனேன், டெனிஸ் என் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். எல்லையில் நான் ஓரம் கட்டி வழிவிட்டேன். அவள் என் பக்கத்தில் வந்து நிறுத்தி, அந்தக் குளிரில் சன்னலை முழுசாக இறக்கினாள். முந்தின நாள் மாலையிலிருந்து என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"என்ன வாயப் பாத்துக்கிட்டு நிக்கற? போய் ஹாட்டலா ரோட்டத் தள்ளு!"

போய்த் தள்ளினேன் அக்கா.